முதல் இடி இடிக்காமல் இகுவானா எழாது

பல்லிப் பண்டிதர் என்றொரு ஜீவராசி உண்டு. பட்டம் வாங்கியவர் அல்ல. வாங்கியிருந்தால் எப்போதாவது ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். எங்கள் சாக்கோ முட்காட்டில் நாலு குடிசை சேர்ந்த இடத்தில் எல்லாம் ஒருவர் இருப்பார். எங்களுக்கு வாய்த்தவர் தோன் நிக்கானோர்; ‘தோன்’ என்பது ‘ஐயா’ மாதிரி மரியாதைக்கு. கறுப்பு வெள்ளைப் பட்டை போட்டு, நாய்க்குட்டி பருமனில், கோழி முட்டைக்கு உயிரை விடும் இகுவானாப் பல்லி எந்த மரத்து வேரடியில் வளை தோண்டும், எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்கும், அதன் கொழுப்பைத் தேய்த்தால் எந்த முழங்கால் வலி எந்தக் கிழமை போகும் என்று, அந்தப் பல்லிக்கே தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டீர்களா? கேட்க வேண்டாம், அவரே சொல்வார்.

பக்கத்து வீட்டு எலாதியாவுக்குக் குளிர்காலத்தில் நரி மிச்சம் வைத்தது ஒரே ஒரு கோழி. இப்போது அது அடைகாக்கிறது. அந்த முட்டைகள் பொரித்தால்தான் இனி அவள் முற்றத்தில் கோழி. கோழிக்கூட்டில் ஓட்டை விழுந்ததைப் பார்த்து, அதை அடைக்கக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனவளை வழியில் மடக்கினார் நிக்கானோர்.

“எதுக்கு இந்த அவசரம்? முதல் இடி இடிச்சாத்தான் இகுவானா குளிர்காலத் தூக்கத்துலேர்ந்து முழிக்கும். வானத்துல ஒரு பொட்டு மேகம் இருக்கா?”

“வெயில் சுள்ளுனு அடிக்குதே, தோன் நிக்கானோர்.”

“வெயிலுக்கு என்ன தெரியும்? மாத்தே போடு, சொல்றேன்.”

வாசலுக்கு வந்தவருக்கு மாத்தே பானம் ஊற்றாமல் இருக்க முடியுமா? குடிப்பவர் ‘நன்றி’ என்றால்தான் போதும் என்று அர்த்தம். அதுவரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிக்கானோரின் வாயில் எல்லாச் சொல்லும் வரும், அது மட்டும் வராது. பாவம் எலாதியா, ஊற்றினாள், கேட்டாள், மறுபடி ஊற்றினாள். கெண்டி காலியாகும் நேரத்தில் கோழி அலறிக்கொண்டு ஓடிவந்தது. பின்னாலேயே, மூக்கில் மஞ்சள் கரு வழிய, பதற்றமே இல்லாமல் இகுவானா வந்து, நிக்கானோரின் செருப்பை நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுப் புதருக்குள் போனது.

அசந்தாரா மனிதர்?

“இது இன்னும் முழிக்கல. தூக்கத்துல நடக்குது.”

எலாதியா ஓடிப்போய்க் கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். மூன்று முட்டைதான் மிச்சம்.

“அப்ப மெதுவாப் பேசுங்க. முழிச்சுட்டா இந்த மூணையும் தின்னுட்டுப் போயிரும்.”

கல்லை வைத்து ஓட்டையை அடைத்தாள். நல்லவேளை, மூன்றும் பொரித்தன. நிக்கானோர் அதற்கும் காரணம் வைத்திருந்தார்: தூக்கத்தில் தின்னும் இகுவானா எப்போதும் மூன்றை விட்டுவைக்குமாம்.

இதைப் படிக்கும்போதே, ‘அட, நம்ம உடும்புதான் இது, ஆனால் உடும்பு முட்டை தின்னும் விதமே வேறு’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் ஆரம்பித்துவிட்டீர்களா? அவர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருக்கிறார். விட்டுவிடுங்கள்.