அணுகுண்டு நைனாவும் ஒரு சிட்டிகைச் சாம்பலும்

இந்த நாட்டில் ஓர் அரசாங்க உத்தரவை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பயந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் திருத்தணியில், அறுபதுகளில் நான் நடத்திவந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிரில் இருந்தார். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஊருக்கு அவர் அணுகுண்டு நைனா.

அவர் அணுகுண்டு எதுவும் செய்யவில்லை. காஸ் லைட்டுக்கு மேண்டில் செய்தார். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப் போவார்களே, அந்த விளக்குக்குள் வெள்ளையாக ஒளிவிடும் சின்ன வலைப் பை. நூலில் பின்னிய பையைத் தோரியம் என்ற பொருள் கரைந்த நீரில் நனைத்து உலர்த்த வேண்டும். முதல் தடவை பற்றவைத்ததும் நூல் எரிந்துபோய்விடும். தோரியச் சாம்பல் மட்டும் பையின் வடிவத்திலேயே நின்று ஒளி தரும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும்.

வில்லங்கம் இந்தத் தோரியத்தில்தான். அணுசக்திக்கும் அது தேவையாம். ஆகவே கடையில் கிடைக்காது. பம்பாயிலிருந்த அணுசக்தி அலுவலகம் லைசென்ஸ் கொடுத்தால்தான் டிரம் வரும். பொருளைப் பூட்டி வைக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், அனுமதியில்லாமல் கட்டடத்தை விட்டு வெளியே விடக் கூடாது என்பவை நிபந்தனைகள். மற்றவர்களாக இருந்தால் லைசென்ஸுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மறந்திருப்பார்கள். நைனா அதை அகராதியும் கையுமாகப் படித்தார். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று.

மேண்டிலுக்குக் கழுத்துக் கட்டும் வேலைக்குப் பெண்கள் வருவார்கள். எல்லாரும் தறி நின்றுபோன வீடுகளிலிருந்து வந்தவர்கள். எந்தப் பட்டறையிலும் வேலைக்கு வரும்போது கை கழுவச் சொல்வார்கள். நைனா வீட்டுக்குப் போகும்போது கழுவச் சொன்னார். கழுவிய நீரைக் கீழே விடாமல் டிரம்மில் பிடித்து மாடியில் காயவைத்தார்.

அந்தப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கோவிந்தம்மா. "ஏன் நைனா, கை கழுவின தண்ணில கூடவா குண்டு பண்ணுவாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் பண்ண மாட்டம்மா. பண்றவன் கைக்குப் போயிடுச்சுன்னா?"

"பண்றவன் இன்னாத்துக்கு நம்ம சாக்கடையில வந்து குந்திக்கினு கீறான்?"

 மறுநாளிலிருந்து நைனா அந்தச் சாக்கடையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டறையைத் திறந்தார்.

கல்யாண ஊர்வலம் போனால் பின்னாலேயே முறத்தோடு போவார். விளக்கு எங்காவது இடித்து மேண்டில் உதிர்ந்தால், விளக்கு தூக்குபவரை நிறுத்திச் சாம்பலைக் கேட்பார். "மேண்டில்தான் வித்துட்டீங்களே நைனா, அப்புறம் இன்னா?" என்றால், "பில்லு மேண்டிலுக்குத்தானேப்பா? சாம்பலுக்கு ஏது பில்லு?" என்பார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்கள். நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். இப்படிச் சேர்ந்த சாம்பலை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, முருகன் படத்துக்குக் கீழே பலகையின் இடது மூலையில் வைத்திருந்தார். வலது மூலையில் விபூதி பாட்டில். இரும்புப் பெட்டியைவிட முருகன் நல்ல காவல் என்பது அவர் கணிப்பு.

கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை தொங்கும். உள்ளே ஒரு வேட்டி, துண்டு, செம்பு. முதலில் நான் அதைத் திருப்பதிப் பயணத்துக்கு என்று நினைத்திருந்தேன். ஜெயிலுக்காம். "வந்த போலீச நிக்க வச்சுக்கினு நாம துண்டு தேடினா மரியாதையா இருக்குமா சார்?"

பின்னல் இயந்திரத்தின் ஊசிகள் தேய்ந்தபோது வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. அது சாதாரண ஊசி. பனியன் பின்னுகிறவர்கள் எல்லாரும் வாங்குவது. இறக்குமதி லைசென்ஸுக்கான மனுவை நான்தான் டைப் அடித்தேன். அடித்து முடித்ததும் நைனா கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: இந்த ஊசியால் பின்னப்படும் பை பின்னர் தோரியத்தில் நனைக்கப்படும்.

"அது எதுக்கு நைனா? யாரும் கேட்கலையே."

"கேக்கலன்னு மறைச்சா தப்பில்லையா சார்?"

அந்த ஒரு வரியைப் பார்த்த அதிகாரி, பனியன் ஊசியை அணு சாமான் கணக்கில் சேர்த்து டில்லிக்கு எழுதினார். டில்லி பம்பாய்க்கு எழுதியது. அதற்குள் கப்பலில் வந்துவிட்ட ஊசி மதராஸ் துறைமுகத்தில் துருப்பிடித்தது. கடைசியில் நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் விசாரிக்க வந்தார். அவரைப் பார்த்ததுமே நைனா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார். ஏட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஊருக்குக் கெளம்பிட்டீங்களா? சரி, நான் அப்புறமா வரேன்" என்று போய்விட்டார்.

இதெல்லாம் சிரிப்பு. அந்த வருஷம் பங்குனியில் சிரிப்பு நின்றது. லைசென்ஸ் கெடு முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். நேரில் வந்து பார்த்த பிறகே முடிவு என்று பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. லைசென்ஸ் இல்லையென்றால் டிரம் இல்லை. டிரம் இல்லையென்றால் ஆடிக் கிருத்திகைக்கு வாங்கியிருந்த ஆர்டர் போயிற்று. கோவிந்தம்மாவும் மற்றவர்களும் மறுபடி நின்றுபோன தறிகளுக்கு முன்னால் போய் உட்கார வேண்டியதுதான். அந்த வாரம் நைனா சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. பட்டறையைக் கழுவினார். கழுவிய நீரைப் பிடித்து வைத்தார். பலகையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

வந்த அதிகாரி தமிழர்தான், தஞ்சாவூர்ப் பக்கம். அளந்து பேசுபவர். டிரம்மைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், கணக்கைப் பார்த்தார். மாடியில் காயும் தண்ணீரைப் பார்த்து "இது என்ன?" என்றார். நைனா சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் "எல்லாம் சரியாயிருக்கு. போய் எழுதிடறேன்" என்றார். அவர் விடைபெறும்போது கோவிந்தம்மா தட்டில் விபூதியை நீட்டினாள். மலைக்குப் போக நேரமில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே அவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு ஜட்கா வண்டியில் ஏறினார்.

நைனா பல நாள் கழித்து அன்றுதான் மூச்சு விட்டார். "முருகா" என்று தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தானும் பூசினார். பூசிய விரலை முகர்ந்தார். விரல் அப்படியே நின்றது.

"கோவிந்தம்மா, இதுல வாசனையே இல்லியே. எந்த பாட்டில்லேர்ந்து கொட்டின?"

"வலது பக்கத்து பாட்டில்தான் நைனா. எப்பவும் அதானே விபூதி?"

பயத்தில் துடைத்துத் துடைத்து, பாட்டில்களை இடம் மாற்றி வைத்தவர் நைனாவேதான்.

"உட்டுடு நைனா. அவரு மூஞ்சி கழுவினா போயிடுது. நமக்குக் காயிதம் வரட்டும்."

"அவரு நெத்தியில போறது கவர்மெண்டுப் பொருளும்மா. பம்பாய் ரயில் இப்படி ஏறினா நகரி. நகரி வந்தா ஆந்திரா. பர்மிட்டு இல்லாம ஸ்டேட்டு தாண்டுது."

"சொன்னா லைசென்ஸ் போயிடும் நைனா. எங்க பொழப்பையும் கொஞ்சம் நெனச்சிக்கோ."

நைனா அவளைப் பார்த்தார். அழுதுவிடுவார் போல இருந்தது. பிறகு ஒரு ஈரத் துணியையும் தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினார். மஞ்சள் பையையும் மறக்கவில்லை. நான் பின்னால் ஓடினேன்.

அதிகாரி பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நைனாவுக்கு மூச்சு வாங்கியது. "சார், உங்க நெத்தியக் கொஞ்சம் குடுக்கணும்" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அவர் மெதுவாக நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"பின்னே?"

"எனக்குத் தெரியுமே சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தார். நைனா குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தார். நெற்றி சிவக்கும்வரை விடவில்லை. துணியை டப்பாவில் போட்டு மூடினார். ரயில் வந்தது. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு தபால்காரரைக் கண்டாலே தெருவே பயந்தது. கோவிந்தம்மா நைனாவோடு பேசவில்லை. வேலைக்கு மட்டும் வந்தாள். தோரிய டிரம்மில் அடி தட்டத் தொடங்கிய சமயம் பம்பாய்க் கடிதம் வந்தது. நைனா அதை அப்படியே என்னிடம் நீட்டியதால் நான்தான் பிரித்தேன். லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டிருந்தது. நிபந்தனைகளின் கடைசியில் புதிதாக ஒரு வரி: உரிமம் பெற்ற கட்டடத்துக்குள் விபூதி வைத்திருக்கக் கூடாது.

கோவிந்தம்மா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். "பயந்தாங்கொள்ளி நைனா, போய்ச் சோறு துண்ணு."

நைனா சோறு தின்னவில்லை. என்னிடம் வந்தார். "விபூதி வைக்கக் கூடாதுன்னுதான் போட்டுகீது சார். பூசிக்கினு உள்ள வரலாமா? அத்தக் கேட்டு ஒரு லெட்டர் அடிச்சிடலாமா?"

"நைனா, இது ஒண்ணு மட்டும் வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அரைமனதாகப் போனார். கடைசிவரை பட்டறை வாசலில் நெற்றியைத் துடைத்துவிட்டு உள்ளே போவதும், வெளியே வந்ததும் பூசிக்கொள்வதுமாக இருந்தார். அந்த ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படி முழுக்க அவர் மேண்டில்கள் எரிந்தன. நைனா முறத்தோடு படியேறிக்கொண்டிருந்தார்.

பிறகு படிகளுக்கு டியூப் லைட் வந்தது. நைனா போய்ச் சில வருஷம் ஆகிறது. மஞ்சள் பை கடைசிவரை உபயோகப்படவே இல்லை. என் வீட்டில் இன்னும் ஒரு காஸ் லைட் இருக்கிறது. மின்சாரம் நின்றால் ஏற்றுவேன். மேண்டில் உதிர்ந்தால் பெருக்கித் தள்ள விடுவதில்லை. சாம்பலைக் காகிதத்தில் மடித்து அலமாரியில் வைக்கிறேன். முறத்தோடு வந்து கேட்க இப்போது யாரும் இல்லை. கேட்டால் இல்லையென்று சொல்ல எனக்கு மனசு வராது.