முணுமுணுப்பு மலை குறித்துச் சம்பந்தி அம்மாவுக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், என் மகளும், உங்கள் மகனும் நலம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதுகிறேன். தாங்கள் கோபித்துக்கொண்டு உங்கள் மகள் வீட்டுக்குப் போய் இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. மாப்பிள்ளை உருவாக்கும் வீடியோ கேமில் வரும் முணுமுணுப்பு மலைக்கும் தங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று விளக்கவே இக்கடிதம்.

நடந்தது இதுதான். அந்த கேம்ல ஒரு மாய உலகம், அதுல மலை, ஆறு, ஊர்னு நாற்பது இடம். பேரெல்லாம் வெச்சுட்டாங்க, ஆனா பேர் எப்படி வந்ததுன்னு புராணக்கதை எழுத ஆள் இல்லை. "மாமா, நீங்க முப்பத்திரண்டு வருஷம் நில அளவை ஆபீஸ்ல மேப் போட்டவர், சும்மாத்தானே இருக்கீங்க, எழுதிக் கொடுங்க"ன்னார் மாப்பிள்ளை. அந்த 'சும்மாத்தானே' சுருக்குனு தெச்சது, ஆனாலும் உட்கார்ந்தேன். மூணு சூரியன் மேடுன்னா, யார் முதல்ல உதிக்கறதுன்னு மூணு சூரியனும் அடிச்சுக்கிட்ட இடம். ஊமை ஆறுன்னா, ரகசியம் தங்காத தேவதை வாய்க்குப் பூட்டுப் போட்ட இடம். இப்படி முப்பத்தொன்பது முடிச்சாச்சு. இந்த மலைதான் மக்கர் பண்ணுச்சு. அப்போ பார்த்து, நான் அடுப்புல பாலை வெச்சு மறந்துட்டேன்னு நீங்க அர்ச்சனையை ஆரம்பிச்சீங்க, எனக்குக் கதை கடகடன்னு வந்துடுச்சு. உலகத்தைப் படைக்கறப்போ வயசான தேவி ஒருத்தி பின்னாடியே நின்னு, 'கடல்ல உப்பு ஜாஸ்தி, வானம் ஒரு பக்கம் தொங்குது, என்ன வேலை பார்க்கறே நீ'ன்னு நச்சரிக்க, படைச்சவர் கையெடுத்துக் கும்பிட்டு அவங்களை மலையா உட்கார வெச்சுட்டார். மலை இன்னும் முணுமுணுக்குது. அவ்வளவுதான் கதை.

எங்க ஆபீஸ்ல ஒரு விதி. மேப்ல ஒரு பேர் ஏறணும்னா, 'ஆதாரம்'ங்கற கடைசிக் கட்டத்துல யார், எங்கே, எத்தனை மணிக்குன்னு எழுதியாகணும். பழக்கதோஷம், கை தானா எழுதிடுச்சு. கம்பெனில யாரோ ஒரு புண்ணியவான் அதையும் சேர்த்து கேம்ல ஏத்திட்டான். கேமே தெரியாதவங்க ஆடிப் பார்க்கணும்னு மாப்பிள்ளை உங்களையும் என்னையும் தன் கம்பெனிக்குக் கூட்டிப்போய், முதலாளியும் பத்துப் பேரும் சுத்தி நிக்க, கேமை உங்க கையில கொடுத்தார். நாற்பது இடம் இருக்க, நீங்க நேரா அந்த மலைக்கா நடக்கணும்? கதை திரையில வந்துச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, முதல்ல சிரிச்சதே நீங்கதான். அடியிலேயே 'ஆதாரம்: சம்பந்தி அம்மா, சமையலறை வாசல், காலை ஏழே கால்'னு வந்துச்சு பாருங்க, நான் மெதுவா முதலாளி முதுகுக்குப் பின்னாடி நகர்ந்துட்டேன்.

ஐயோ அம்மா, அது நீங்க இல்லவே இல்லை. அந்தத் தேவிக்கு நாலு கை. உங்களுக்கு ரெண்டுதானே! ஆனா பத்துப் பேர் முன்னாடி உங்க முகம் வாடினதை நான் பார்த்தேன், அது என் தப்பு, மனசாரச் சொல்றேன், மன்னிச்சுடுங்க. என் மகள் என்கிட்ட பேசறது ரெண்டே வார்த்தை: 'சாப்பிடுங்க', 'நகருங்க'. மாப்பிள்ளை அதுவும் இல்லை. பால் மூணு தரம் பொங்கிடுச்சு, ஏன்னு கேட்க நாதியில்லை. அந்த மலையை அடியோட எடுத்தாச்சு. நீங்க நம்பி வரலாம்.

தாங்கள் நீண்ட ஆயுளோடும் வலியில்லாத முழங்காலோடும் வாழ வேண்டுகிறேன். உங்கள் மகள் வீட்டார் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும். இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அப்பா

பி.கு.: மேலே இருக்கறது பாதி பொய். மலை நீங்கதான். அதை எடுத்ததும் நிஜம்தான், ஆனா ரெண்டு நாள் தாங்கலை. ஆடினவங்க அத்தனை பேரும் வழி தப்பி, சுத்தின இடத்தையே சுத்திக்கிட்டு இருந்தாங்களாம். எந்த மூலையில நின்னாலும் தெரிஞ்சது அந்த மலை ஒண்ணுதானாம். திரும்ப வெச்சுட்டாங்க. வீட்லயும் நாங்க மூணு பேர் அப்படித்தான் சுத்திக்கிட்டு இருக்கோம். எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லுங்க, ஸ்டாண்டுக்கு நானே வர்றேன். திட்டறதை அங்கேயே ஆரம்பிச்சுடுங்க, வீடு வர்ற வரைக்கும் அடக்கி வெச்சுக்க வேண்டாம்.