அரை மில்லிமீட்டர் ஆட்டம்

"சார், கழுத்து ஆடுது" என்றார் பல் டாக்டர்.

மில்லிமீட்டர் சிரித்தார். கிடார் செய்பவரான அவருக்குத் தெரு வைத்த பெயர் அது. டாக்டர் கொண்டுவந்த கிடாருக்குப் போன வாரம்தான் கழுத்தைப் பொருத்திக் கொடுத்திருந்தார். திருகாணி போடாமல் கழுத்தை உடம்பின் பள்ளத்தில் செருகி, கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் உடம்பு கூடவே தொங்க வேண்டும். இருபது வருஷமாக அதுதான் அவர் சோதனை.

திருகாணிகளைக் கழற்றிவிட்டுத் தூக்கினார். உடம்பு மேசையில் தொப்பென்று விழுந்தது.

நோட்டில் கழுத்தின் அகலம் ஐம்பத்தாறு மில்லிமீட்டர் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அளந்தால் ஐம்பத்தைந்தரை.

"கண்ணு மக்கர் பண்ணுது" என்று முனகி, பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய மரச்சீவலை ஒட்டினார். அதுவரை டாக்டர் அவசரமே இல்லாமல் இரண்டு டீ குடித்தார். டீ கொண்டுவந்த மகளும் அவசரப்படவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் மறுபடி வந்தார். "ஆடுது சார்."

புதுக் கண்ணாடி போட்டு அளந்தார். ஐம்பத்தைந்து. தடித்த சீவலை வைத்துக் கழுத்தை அடித்து இறக்கியதில் பள்ளத்தின் மூலை விரிசல் விட்டது. விரிசலை வெட்டி எடுக்கப் போக, பள்ளம் சோப்பு டப்பா அளவுக்குப் பெரிதானது. கட்டை வைத்து அடைத்து, புதிதாகக் குடைந்து, மூன்று நாள் மல்லுக்கட்டி ஒருவழியாகத் தொங்கவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மற்ற கடைக்காரர்களைக் கேலி பண்ணியவர், இப்போது மழையைத் திட்டினார், மரத்தைத் திட்டினார், மரம் வெட்டியவனையும் விடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் வாசலில் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் மில்லிமீட்டரே கிடாரை வாங்கித் திருகாணிகளைக் கழற்றித் தூக்கிப் பார்த்தார்.

தொப்.

அளவுகோலைக் குப்பைக் கூடையில் போட்டார். டாக்டரை முன்னறையில் உட்கார வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

"என் கை போயிடுச்சு. இனிமே இந்தத் தொழிலே வேண்டாம். அந்தக் கிடாரை வேற கடைக்கு அனுப்பிட்டு, இன்னிக்கே கடையை மூடிடறேன்" என்றார்.

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க இறுக்கி அனுப்பற கழுத்தை அவர்தான் பல்லு ராவற மெஷினால ராவிட்டு வராரு. ஆட்டம் நின்னுபோச்சுன்னா நம்ம பொண்ணைப் பார்க்க வேற என்ன சாக்கு சொல்லிட்டு வருவாரு?"