அர்வோ மிச்சமின்றி ஊதிய படலம்

வாழ்க அர்வோ சால்மெலா! இரும்புக் குன்றுகளை முப்பத்தொன்பது ஆண்டு வெடிவைத்துப் பிளந்த தோளினன், உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்குலம் நடுங்கக் குந்தியிருந்த கொற்றவன், சுரங்கத்தூசி குடித்துச் சுருங்கிய நெஞ்சினனாயினும் எக்கேள்விக்கும் "பரவால்ல" என்ற ஒற்றை விடையே அருளும் மினசோட்டாப் பெருந்தகை! அவன் மூச்சளக்கும் கருவியோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தேன். பாதியில் எனக்கு மூச்சு முட்டாமல் காப்பாய், காற்றுத் தேவனே!

போருக்குக் காரணம் இது. நுரையீரலின் சரியான அளவு தெரியாமல் புது மருந்து இல்லை, புது மருந்து இல்லாமல் படகு இல்லை என்று மருத்துவர் ஆணையிட்டுவிட்டார். சனிக்கிழமையோ ஏரியில் மீன்பிடி தொடங்கும் திருநாள். நாற்பத்தொரு ஆண்டாகப் படகின் முன்னே மனைவி ஆர்டிஸும் பின்னே அவனும் தவறாமல் அமர்ந்த நாள். எழுபத்தெட்டு வயதில் அதை இழப்பது சின்ன விஷயமில்லை.

வியாழன் காலை, மருத்துவமனையில், நாசியில் கவ்வி பூண்டு, வாயில் குழல் ஏந்தி, களம் புகுந்தான் வீரன். விதி கடுமையானது: நெஞ்சு காலியாகும்வரை ஆறு விநாடி ஊத வேண்டும், மூன்று ஊதல்கள் ஒத்துவர வேண்டும், எட்டுக்கு மேல் வாய்ப்பில்லை. புயலெனப் புறப்பட்ட அவன் மூச்சு, ஐந்து முறையும் நான்காம் விநாடியில் பணிவோடு நின்றது.

"அடிவரைக்கும் ஊதணும்னு சொன்னேன்ல! ஏன் நிறுத்துறீங்க?" என்று முழங்கினாள் கருவிக்குக் காவலாய் நின்ற ஜோலீன்.

"கொஞ்சம் இருக்கட்டுமேன்னுதாம்மா."

"யாருக்கு?"

அதற்கு விடை எங்கள் ஊரில் யாரிடமும் இருக்காது. தேவாலய விருந்தில் தட்டின் கடைசித் துண்டைத் தொட்டவன் எவனுமில்லை. பாதியை வெட்டுவான் ஒருவன், அந்தப் பாதியில் பாதியை வெட்டுவான் அடுத்தவன், கடைசியில் ஒரு பொடி மட்டும் தட்டில் தனியே கிடக்கும். அந்த மரியாதைதான் அவன் நெஞ்சின் அடியிலும் குடியிருந்தது.

அறை வாசலில் காத்திருந்த ஆர்டிஸ் எழுந்தாள்.

"அர்வோ! இது சர்ச் விருந்து இல்ல. வழிச்சு ஊது! சனிக்கிழமை நான் ஒத்தையா படகுல உக்கார மாட்டேன், சொல்லிட்டேன்!"

அவள் குரல் நடுங்கியதை அவன் கேட்டான். கேட்டதும், ஆறாம் முறையாக, கன்னம் புடைக்க, காது சிவக்க, கண் பிதுங்க, "விடாதீங்க, விடாதீங்க, விடாதீங்க!" என்று ஜோலீன் போர்முரசாய் அதிர, நான்காம் விநாடியாம் தடையரணைத் தகர்த்து, ஐந்தாம் விநாடியாம் அகழியைத் தாண்டி, முன்னோர் சேர்த்துவைத்த நாகரிகம் அத்தனையையும் குழலுக்குள் கொட்டி, ஆறாம் விநாடியில் கடைசிப் பொடியையும் ஊதித் தீர்த்தான் ஆண்தகை! ஏழாம் முறையும் அவ்வாறே. எட்டாம் முறையும் அவ்வாறே. திரையில் மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்தன.

"வந்துருச்சு!" என்று வெற்றிச் சங்காய் ஒலித்தாள் ஜோலீன். ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சளி பிடிச்சிருக்கு" என்றாள். எதையும் மிச்சம் வைக்காத மாவீரன், நெஞ்சு நிமிர்த்தி வரவேற்பறைக்கு எழுந்தருளினான்.

அங்கே பெட்டியில் கிடந்த கடைசி அரை டோனட்டைப் பாதியாக வெட்டி, ஒரு துண்டைத் தின்றுவிட்டு, இன்னொன்றை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.