மரமா, இரண்டு ஜன்னலா

குற்றாலம்
ஜூன் 1989

அன்புள்ள அகிலா அக்காவுக்கு,

இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன், ஆமாம். நீ அனுப்பிய பிளாப்பிகள் மழையில் நனையாமல் வந்து சேர்ந்தன. ஃபைல்களைப் பார்க்கவும் நகர்த்தவும் எந்தப் புரோகிராம் வசதி, உங்கள் கம்பெனி எதை விற்கலாம் என்று கேட்டிருந்தாய். பதில் ஒரு வரிதான். அதை ஒரு வரியில் எழுத இங்கே யாரும் விடவில்லை.

முதலில் என் நிலைமை. சாரல் தொடங்கிவிட்டது. லாட்ஜில் போன் ஓயவில்லை. கம்ப்யூட்டரோ டிஸ்கில் இடமில்லை என்கிறது. புக்கிங்கைத் துண்டுக் காகிதங்களில் எழுதினேன். அதனால் ஏழாம் அறையைச் சாத்தூர்க் குடும்பத்துக்கும் கொடுத்தேன், கொல்லத்துக்காரர் ஒருவருக்கும் கொடுத்தேன். சாத்தூர்க்காரர் உடம்பெல்லாம் எண்ணெயோடு வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, முடிவு தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றார். முடிவு தெரிந்தது. சோபாதான் இன்னும் தெளியவில்லை. முதலாளி சங்கரபாண்டி அண்ணாச்சி சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ இப்படி நடந்துச்சு, இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி பரணுக்குப் போவும், நீ வீட்டுக்குப் போவ."

இடத்தை அடைத்திருப்பது யார் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சியின் தம்பி நல்லதம்பி. கம்ப்யூட்டரை வாங்கியவரே அவர்தான். போன ஐப்பசியில் தவறிவிட்டார். ஃபைல்களைப் போட்டுவைக்க அவர் பெயரில் இருக்கும் டைரக்டரி முழுக்கக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள். டிஸ்கில் பாதி. அவர் இருந்தபோது அதற்காக அண்ணாச்சி திட்டாத நாள் இல்லை.

சரி, ஒப்பீடு. இரண்டு ஜன்னல் புரோகிராமில் இடப்பக்கம் ஹார்ட் டிஸ்க், வலப்பக்கம் பிளாப்பி. ஒரு கீயைத் தட்டினால் இங்கே இருப்பது அங்கே போகிறது. அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, ஒரு பெட்டிதான வாங்கினோம்? ரெண்டா தெரியுதே."

இன்னொன்று மரம். டைரக்டரிகளைக் கிளை கிளையாகக் காட்டுகிறது. வேர் உச்சியில்.

"தலகீழால்லா தொங்குது. இது எந்தக் காட்டு மரம்?"

டீ கொண்டுவந்த சமையல்கார தங்கபுஷ்பம் அக்கா எட்டிப் பார்த்தாள். "வவ்வாலுக்கு நேரா தெரியும் அண்ணாச்சி."

அவர் சிரிக்கவில்லை. திரையில் விரலை வைத்து ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தார்.

"இது தம்பில்லா?"

ஆமாம் என்றேன். அந்தக் கிளையைக் கழித்துவிட்டால் இடம் கிடைத்துவிடும் என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது.

"வெட்டவா சொல்லுத?"

அவர் விரலை எடுக்கவில்லை. டீ ஆறியது.

இரண்டு ஜன்னலுக்குத் திரும்பினேன். விளையாட்டுகளை எல்லாம் பிளாப்பிகளுக்கு நகர்த்தினேன். பிறகு மரத்தைத் திறந்து காட்டினேன். கிளை அப்படியே இருந்தது.

"உள்ள ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எல்லாம் பிளாப்பில பத்திரமா இருக்கு."

"பேரு இருக்குல்லா. போதும்."

புக்கிங் எல்லாம் ஏறிவிட்டது. என் வேலையும் பிழைத்துவிட்டது.

ஆகவே அக்கா, நகர்த்துவதற்கு இரண்டு ஜன்னல். இடம் போதாதவர்களுக்கு அதையே விற்கலாம். மரத்தை யாருக்கு விற்பது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

அத்தானுக்கு வணக்கம். குழந்தைக்கு என் முத்தம். மெட்ராஸில் உங்களுக்குத் தண்ணீர் தவறாமல் கிடைக்கட்டும். இங்கே அது கூரை வழியாகவே வருகிறது.

உன் தங்கை,
விஜயம்

பி.கு.: மேலே எழுதியதை நம்பி எதையும் விற்றுவிடாதே. இன்று காலை நான் போனபோது என் நாற்காலியில் அண்ணாச்சி.

"அந்தக் கழுத அப்படி என்னத்தத்தான் பாத்துக்கிட்டே கெடந்தான்? எல்லாத்தையும் பழையபடி வையி."

"அப்ப புக்கிங்?"

"நோட்டுல எழுதிக்கோ. ஒன்ன யாரு வீட்டுக்குப் போகச் சொன்னா?"

புக்கிங்கைப் பிளாப்பிக்கு நகர்த்திவிட்டு வைத்தேன். டிஸ்க் நிறைந்துவிட்டது. தம்பியின் விளையாட்டு ஒன்றில் தவளையை ரோட்டைத் தாண்ட வைக்க அவருக்கு இன்னும் வரவில்லை. அது லாரியில் அடிபடும்போதெல்லாம் "ஏலே, ஏலே" என்று பதறுகிறார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை.

போன் அடித்தது. கடையில் ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லி, கோடு போட்டு, அறை எண்களை எழுத ஆரம்பித்தேன்.