அபதாரம்

கார் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்த மஞ்சள் சீட்டை எடுத்து முதல் வரியைப் படித்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது.

“அபதாரம்,” என்று உரக்கப் படித்தார். “அபதாரமாமே.”

கேட்க அங்கே யாரும் இல்லை. கடைவளாகத்தின் அடியில் இருந்த அந்தத் தனியார் வண்டி நிறுத்துமிடத்தில் அவர் குரல் தூணுக்குத் தூண் மோதித் திரும்பி வந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது. சீட்டு கையிலிருந்து பறக்கப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவர் பாடநூல் பதிப்பகம் ஒன்றில் பதினெட்டு வருடமாகப் பிழை திருத்துபவர். அலுவலகத்தில் அவர் பெயர் ‘ஒற்று’. க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் அவர் காட்டிய கறாரில் பெற்றோர் வைத்த பெயர் எப்போதோ காணாமல் போயிருந்தது. எழுத்தில் அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது. எண்தான் கண்ணில் படாது. ஒருமுறை நாற்பத்தெட்டாம் பக்கத்தை அடுத்து எண்பத்துநான்காம் பக்கம் வந்த புத்தகத்தை, ‘ஒரு கமா மட்டும் கூடுதல், மற்றபடி அருமை’ என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டார். கேட்டதற்கு, “எழுத்து என் வேலை, எண் கணக்குக்காரங்க வேலை,” என்றார்.

மேலே படித்தார். ‘ஒன்பது மணிநேரம் வண்டி நிறுத்தியதர்காக’ என்று இருந்தது. ‘ற்’ வர வேண்டிய இடத்தில் ‘ர்’ உட்கார்ந்திருந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்பது மணிநேரத்தை எப்படிப் பொறுப்பது? சிவப்புப் பேனாவுக்கு ரீஃபிள் வாங்க வந்து அரை மணிகூட ஆகவில்லை. முதல் ஒரு மணிநேரம் இலவசம் என்று வாசலிலேயே பலகை இருந்தது. அதிலும் இரண்டு பிழை.

வண்டி அவருடையதாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பார். அது மச்சானுடையது.

மனைவியின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். இருபத்திரண்டு வருடம் ஒரு அபராதச் சீட்டுகூட வாங்காதவர். அதற்காக வரும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் சங்கம் அவருக்கு மெடல் குத்துகிறது. வெளியூர் கிளம்பும்போது சாவியைக் கொடுத்தவர், “கீறல் விழுந்தா பெயின்ட் அடிச்சுக்கலாம் மாப்பிள்ளை. சீட்டு மட்டும் விழக் கூடாது,” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

சீட்டின் கடைசி வரி, மூன்று நாளுக்குள் தீர்க்காவிட்டால் வண்டி உரிமையாளரின் வீட்டுக்குத் தபால் போகும் என்றது. அன்று புதன்கிழமை. மச்சான் சனிக்கிழமை மாலை வருகிறார்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒற்று அதே இடத்துக்குப் போனார். வண்டியை அடித்தளத்தில் நிறுத்திவிட்டு, மூன்றாம் மாடியில் இருந்த அலுவலகத்துக்கு ஏறினார். டோக்கன் வாங்கி இருபது நிமிடம் காத்திருந்த பிறகு மேனேஜர் கூப்பிட்டார்.

“சொல்லுங்க சார், என்ன புகார்?”

“ரெண்டு புகார். முதல்ல, ‘அபதாரம்’னு தமிழ்ல ஒரு சொல்லே கிடையாது. இல்லாத ஒண்ணை நான் எப்படிக் கட்டறது?”

மேனேஜர் முகம் வாடியது. “இதை நானே உட்கார்ந்து எழுதினேன் சார்.”

“தெரியுது.”

“ரெண்டாவது?”

“ஒன்பது மணிநேரம் நான் இங்கே இல்ல. அரை மணிதான் இருந்தேன்.”

“அதுல தப்பு வராது சார். சீட்டு வெச்சவர் எங்க பழைய காவலாளி. என் வண்டியே ஆனாலும் விட மாட்டார். நீங்க மேல்முறையீடு பண்ணுங்க. ஆனா வண்டி இங்கே இருக்கணும். சீட்டு வெச்ச ஆளே வந்து, இது இந்த வண்டிக்கு வெச்ச சீட்டுதான்னு அடையாளம் காட்டணும். இன்னிக்கு அவர் லீவு, நாளைக்கு வாங்க. இப்ப இந்தப் படிவத்தை மட்டும் நிரப்பிடுங்க.”

ஒற்று படிவத்தைப் பார்த்தார். தலைப்பே ‘மேல்முரையீடு’. பிழையுள்ள தாளில் அவர் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. புது ரீஃபிள் போட்ட பேனாவைத் திறந்தார். முப்பத்தொரு பிழை. ஒவ்வொன்றையும் சுழித்து, ஓரத்தில் சரியான வடிவத்தை எழுதினார். வண்டி எண் கேட்ட இடத்தில் மட்டும் சீட்டில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினார்.

மேனேஜர் படிவத்தையும் வாங்கினார், சீட்டையும் வாங்கினார். எதையும் படிக்காமல் இரண்டின் மேலும் முத்திரை குத்திக் கோப்பில் வைத்துவிட்டார்.

கீழே வந்தபோது வைப்பருக்கு அடியில் இன்னொரு மஞ்சள் சீட்டு இறுக்கமாகச் செருகப்பட்டிருந்தது. இலவச ஒரு மணிநேரத்துக்கு மேல் பன்னிரண்டு நிமிடம்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“சீட்டைக் கொடுத்துட்டு வரேன்னுதானே போனீங்க?”

“கொடுத்துட்டேன்.”

“அப்ப கையில என்ன?”

“இது வேற.”

அவள் மடித்த சட்டையை அவர் மடியில் வைத்தாள். “ஒரு சீட்டைக் கொடுத்து ஒரு சீட்டு வாங்கிட்டு வர்றதுக்கு அது என்ன நூலகமாங்க?”

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மச்சான்.

“மாப்பிள்ளை, வண்டி எப்படி இருக்கு?”

“பிழையில்லாம இருக்கு மச்சான்.”

“மேடையில ரெண்டு நிமிஷம் பேசச் சொல்றாங்க. நானே எழுதிட்டிருக்கேன். ‘ஒரு சீட்டுகூட வாங்கியதில்லை’ன்னு எழுதறப்ப நடுவுல ‘க்’ வருமா?”

“‘க்’ வராது மச்சான்.”

வேறு என்ன வந்தது என்று அவர் சொல்லவில்லை. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் எழுந்து நின்றே வரவேற்றார்.

“காவலாளி லீவை ஒரு நாள் நீட்டிட்டார் சார். ஆனா நல்ல சேதி ஒண்ணு. நீங்க திருத்தின படிவத்தை முதலாளி பார்த்தார். யாருய்யா இந்த மனுஷன்னு கேட்டார். நாளைக்கு வாசல்ல புது விதிப்பலகை எழுதறோம். அதையும் கொஞ்சம் பார்த்துக் கொடுத்தீங்கன்னா, உங்க கேஸை நான் கவனிச்சுக்கறேன்.”

“எனக்கு நேரமில்லையே,” என்று சொல்லிக்கொண்டே ஒற்று தாளை வாங்கிவிட்டார். முதல் வரியிலேயே ‘நிறுத்த கூடாது’ என்று ஒற்றில்லாமல் இருந்ததுதான் காரணம். அதைப் பார்த்துவிட்டு எழுந்து போக அவரால் முடியாது.

மொத்தம் பன்னிரண்டு விதிகள். ஏழாவது விதியில் பேனா நின்றது. ‘வெளியே போன வண்டி அதே நாளில் மீண்டும் உள்ளே வர கூடும்’ என்று இருந்தது. மற்ற பதினொன்றும் ‘கூடாது’ என்று முடியும்போது இது மட்டும் ‘கூடும்’ என்று முடிவதா? தட்டச்சுப் பிழை என்று தீர்மானித்தார். ‘கூடும்’ என்பதை அடித்துவிட்டு ‘வரக் கூடாது’ என்று ஒற்றோடு எழுதினார்.

மேனேஜர் அதையும் படிக்காமல் முத்திரை குத்தினார்.

கீழே வைப்பரில், மறுபடியும் ஒரு மணிநேரம் தாண்டியதற்கான சீட்டு தயாராக இருந்தது. இந்த முறை வெள்ளைத் தாள், புது அச்சு. ‘அபராதம்’ சரியாக இருந்தது. ‘நிறுத்தியதற்காக’ சரியாக இருந்தது. ஒற்று எல்லாம் அதனதன் இடத்தில். தலையிலிருந்து கால் வரை மூன்று முறை படித்தார். குறை சொல்ல ஒரு புள்ளி இல்லை. எல்லாமே அவர் முந்தின நாள் படிவத்தில் திருத்திக் கொடுத்த சொற்கள். அழகாகத்தான் இருந்தது. சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். டிரைவிங் ஸ்கூல்காரரின் தங்கை. அவரைவிட நன்றாக ஓட்டுவாள்.

“நீ வண்டியிலேயே இரு,” என்று ஒற்று திட்டத்தை விளக்கினார். “ஐம்பதாவது நிமிஷம் வெளியே போய் ஒரு சுத்து சுத்திட்டுத் திரும்ப உள்ளே வா. புதுசா ஒரு மணிநேரம் தொடங்கும்.”

“இவ்வளவு மூளையை முதல் நாளே காட்டியிருந்தா அந்த மெடலை உங்களுக்கே குத்தியிருப்பாங்க.”

மேலே காவலாளி இன்னும் வந்து சேரவில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மேனேஜர் தேநீர் வரவழைத்தார். ஒற்று கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது நிமிடம் ஆனது. ஐம்பத்தைந்து ஆனது. ஒரு மணி தாண்டியது. முதல் தடவையாக நிம்மதியாகத் தேநீரை உறிஞ்சினார்.

கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள். கையில் வெள்ளைத் தாள்.

“போன வண்டி அதே நாள்ல திரும்ப உள்ளே வரக் கூடாதாம். ஏழாவது விதியாம். வாசல்ல புதுப் பலகை, பெயின்ட்கூட இன்னும் காயல.”

ஒற்று கோப்பையைக் கீழே வைத்தார். “‘வரக் கூடாது’ல ‘க்’ இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப அது நான்தான்.”

அவள் அவரைப் பார்த்த பார்வையை அவர் வாழ்நாளில் மறக்கமாட்டார். அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மச்சான் ஸ்டேஷனில் இறங்கிவிட்டாராம். “மாப்பிள்ளையை வண்டியோட வரச் சொல்லும்மா, அதைப் பார்த்து நாலு நாளாச்சு,” என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது.

ஒற்று மேனேஜரின் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “சார், ஒரு நியாயம் சொல்லுங்க. முதல் சீட்டு விழாம இருந்தா நான் இங்கே வந்திருப்பேனா? நான் வராம இருந்தா மத்த மூணும் விழுந்திருக்குமா?”

மேனேஜர் யோசித்தார். மூன்று நாளில் அவருக்கும் ஒற்றின் மேல் ஒரு பாசம் வந்திருந்தது.

“நியாயம்தான். மேல்முறையீட்டுக்கு வந்ததால விழுந்த சீட்டு எல்லாம் முதல் கேஸோட சேர்த்தி. உங்க தமிழுக்காக நாலையும் ஒரே கையெழுத்துல ரத்து பண்ணிடறேன். உங்க மச்சான் வீட்டுக்கு ஒரு தபாலும் போகாது. காவலாளி வந்து, முதல் சீட்டு உங்க வண்டிக்கு வெச்சதுதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அது மட்டும் போதும்.”

ஒற்றுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மனைவியின் முகத்தில்கூட லேசாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

காவலாளி வந்து சேர்ந்தார். நரைத்த மீசை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி. நான்கு பேரும், நாலு சீட்டும் வைத்த கோப்போடு அடித்தளத்துக்கு இறங்கினார்கள். மேனேஜர் வண்டியின் பானெட் மேல் ரத்துப் படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்து தயாராகக் குனிந்து நின்றார். எக்ஸாஸ்ட் ஃபேன் உறுமியது. படிவம் பறக்காமலிருக்க மனைவி ஒரு மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க பெரியவரே,” என்றார் மேனேஜர். “புதன்கிழமை நீங்க வெச்ச சீட்டு இதுதானே?”

காவலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மஞ்சள் சீட்டை வாங்கினார். “என் கையெழுத்துதான் சார். நான் வெச்சதுதான்.”

மேனேஜரின் பேனா தாளில் பட்டது. ஒற்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

காவலாளி சீட்டைப் பார்த்தார். குனிந்து வண்டியின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். மறுபடி சீட்டையும், கோப்பில் இருந்த மற்ற மூன்றையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இரண்டு தூண் தள்ளி நின்ற ஒரு நீல வண்டியை நோக்கிக் கையை நீட்டினார்.

“இது அந்த வண்டிக்கு வெச்சது, மேனேஜர் சார், உங்க வண்டிக்கு, ஃபேன் காத்துல பறந்து இங்கே வந்து ஒட்டியிருக்கும் — மத்த மூணும்தான் இவரோடது.”