பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்ற தாய்மாமன்

திருச்சுழி மாப்பிள்ளை சங்கையா அவர்களுக்கு, அருப்புக்கோட்டை எண்ணெய்க்கடை சின்னத்துரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நலமில்லை. அங்கே என் தங்கை சுமதியும் அவள் மகள் பிருந்தாவும் நலமா என்று கேட்கிறேன், உங்களைக் கேட்கவில்லை. உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டதால் கடிதம்.

புதுவீடு பால்காய்ச்சிய அன்று என்னை, பெண் கொடுத்த வீட்டுக்காரனை, மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தீர்கள். ரசம்கூடத் தீர்ந்துபோயிருந்தது. "இனி இந்த வீட்டுல பச்சத்தண்ணி தொடமாட்டேன்"னு ஊரறியச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் பிருந்தாவுக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டுமே! சித்திரை வெயிலில் சீர்த்தட்டோடு பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன். கையிலிருந்த தண்ணீர் பாட்டில் வழியிலேயே காலி. உங்கள் வீட்டில் மோர் வந்தது, வேண்டாமென்றேன். பானக்கம் வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுமதி இளநியை நீட்டிக்கொண்டு அழுதாள், அப்பவும் அசையலையே நான்! நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிடுச்சு. ஆசாரி ஒரு காது குத்தினப்பப் பிள்ளை அழலை. மாமன் மயங்கி மல்லாந்ததைப் பார்த்துத்தான் வீல்னு கத்துச்சு. நல்லவேளை, சுமதி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா தீபலட்சுமி நாக்கை நீட்டச் சொன்னார். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டார். கிள்ளினது கிள்ளினபடியே நின்றது.

"ஒண்ணுக்கு என்ன நெறத்துல போகுது, அண்ணாச்சி?"

"செக்கு நல்லெண்ணெய் மாதிரிம்மா. முதல் தரம்."

"வெளையாடாதீங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கிட்னி கெட்டிருக்கும்."

எனக்கு வேர்த்திருக்கும், வேர்க்க உடம்பில் தண்ணீர் இல்லை. டிரிப் ஏற்றினார்கள். பிறகு உப்புச் சர்க்கரைத் தண்ணீர், சின்னச் சின்னக் கேனில், மடக் மடக்கென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாதாம், வெயிலில் இறங்குமுன்பே குடிக்க வேண்டுமாம். ரோசத்துக்கு மட்டும் மருந்தில்லை என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, நான் பிழைத்தது ஆஸ்பத்திரித் தண்ணீரால். என் வார்த்தை சேதமில்லாமல் இருக்கிறது. பிருந்தாவின் இன்னொரு காதுக்கு வேறு மடி பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஆசீர்வாதம், தங்கைக்கு அன்பு, உங்களுக்குத் தூரத்திலிருந்து ஒரு கும்பிடு.

சின்னத்துரை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் நர்ஸ் தங்கச்செல்வியிடம் இன்னொரு டம்ளர் கேட்டேன். சிரிக்கிறாள். "இது எங்க தண்ணி இல்லண்ணாச்சி. ஒங்க தங்கச்சி அவுக வீட்டுல காய்ச்சி ஆறவச்சு, உப்புச்சர்க்கரைப் பாக்கெட்டப் பிரிச்சுக் கலக்கித் தாராக. ஒங்க மாப்பிள்ளை ரெண்டு நாளா வாசல்லயே நிக்காக. 'சொல்லிராதம்மா, தெரிஞ்சா குடிக்க மாட்டாரு'ன்னாக." மூணு லிட்டர் குடிச்சிருக்கேன் மாப்பிள்ளை! மேலே எழுதினதையெல்லாம் அடிச்சிருங்க. கேன் காலி. அடுத்ததை நர்ஸ் கையில குடுக்காம நீங்களே உள்ள கொண்டுவாங்க.